முதியோர் குடியிருப்பில் கணினி மன்றம்: வகுப்பு வேண்டாம், மேசை போடுங்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஐம்பது வீடுகள் போல, பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். சங்கத்தின் பொது அறையில் ஒரு கணினி மன்றம் தொடங்க வேண்டும், சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் குடியிருப்போரே நடத்த வேண்டும். எத்தனை கணினி வாங்குவது, என்ன பாடத்திட்டம் போடுவது என்பது உங்கள் கேள்வி. குன்னூர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு மன்றத்தில் பல வருடங்களாக உதவிக்கு உட்கார்ந்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

இப்போதைக்குக் கணினி வாங்க வேண்டாம். பாடத்திட்டமும் வேண்டாம். ஜன்னல் ஓரமாக ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, ஒழுங்காக வேலை செய்யும் வைஃபை, வாரத்தில் இரண்டு நாள் தவறாமல் வந்து உட்கார இரண்டு பேர். இவ்வளவு இருந்தால் மன்றம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

வகுப்பு என்று அறிவித்தால் முதல் நாள் அறை நிறையும். அப்புறம் ஒருவருக்கு மூட்டுவலி, இன்னொருவர் மகள் வீட்டுக்குப் போய்விடுவார், ஒருவருக்குக் கோவையில் கண் பரிசோதனை. ஒரு வகுப்பு விட்டவருக்கு அடுத்தது பிடிபடாது. எல்லோர் முன்னாலும் "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல எழுபது வயதில் யாருக்கும் மனம் வராது. அலுவலகத்தில் முப்பது பேரை வைத்து வேலை வாங்கியவர் அவர். சத்தமில்லாமல் வராமல் போய்விடுவார். மேசை அப்படியில்லை. அவரவர் கேள்வியோடு வருகிறார்கள்: பேரன் அனுப்பிய படம் எங்கே போச்சு, கேஸ் எப்படிப் பதிவு செய்வது, இந்த மெசேஜ் நிஜமா. அதே கேள்வியைப் பத்தாவது முறை கேட்டாலும் அதே முகத்தோடு பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், வருவார்கள். பிள்ளைகளிடம் மூன்றாவது முறை கேட்க அவர்களுக்குத் தயக்கம். மன்றம் இருப்பதே அந்தத் தயக்கத்துக்காகத்தான்.

கணினி வேண்டாம் என்றதற்குக் காரணம், கணினி ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. பென்ஷன், வங்கி, மருத்துவர் நேரம், மகளின் முகம், எல்லாம் அந்தப் போனில்தான். அதைச் சரிசெய்து கொடுப்பதுதான் முதல் வேலை. எழுத்தளவைப் பெரிதாக்குவது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வயதானவர்கள் திரையைத் தொடும்போது விரலை உடனே எடுப்பதில்லை, ஒரு கணம் அழுத்திப் பிடிக்கிறார்கள். போன் அதை 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொண்டு ஐகானை நகர்த்தும், மெசேஜைத் தேர்வு செய்யும், அழிக்கட்டுமா என்று கேட்கும். "நான் ஒன்றும் பண்ணவில்லை, அதுவாகவே என்னென்னவோ செய்கிறது" என்று அவர்கள் சொல்வது முழு உண்மை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய் அக்செசிபிலிட்டியில் 'டச் அண்ட் ஹோல்ட் டிலே' என்பதைத் தேடி நேரத்தைக் கூட்டி வையுங்கள். பாதிப் புகார் அன்றே நின்றுவிடும். மலைக் குளிரில் விரல்நுனி வறண்டு திரை சில சமயம் தொடுகையையே உணராது. அதற்கு அவர்கள் இன்னும் பலமாக அழுத்துவார்கள். பலம் உதவாது, கையைச் சற்றுத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு லேசாகத் தொடச் சொல்லுங்கள்.

உதவி செய்பவருக்கு ஒரே ஒரு கட்டளை: போனை வாங்காதீர்கள். அவர் கையிலேயே இருக்கட்டும். "மேலே வலது மூலையில் மூன்று புள்ளி தெரிகிறதா, அதைத் தொடுங்கள்" என்று வாயால் சொல்லுங்கள். வாங்கிச் செய்தால் அரை நிமிடம், சொல்லிச் செய்ய வைத்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் சொல்லிக்கொடுத்தல். கல்லூரிப் பிள்ளைகள் உதவிக்கு வரும்போது முதலில் தடுக்க வேண்டியது இதைத்தான். நல்ல மனசோடுதான் வருவார்கள், ஆனால் கை சும்மா இருக்காது. என் அனுபவத்தில் எழுபது வயதுக்காரருக்கு அறுபத்தைந்து வயதுக்காரர் சொல்லிக்கொடுப்பதுதான் நிற்கிறது. தானும் போன வருடம் அதே இடத்தில் தடுமாறியவர் என்பதால் எங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் சீனியர்நெட் என்ற அமைப்பு 1986-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியபோதே மூத்தவர்களுக்கு மூத்தவர்களே கணினி சொல்லிக்கொடுத்தார்கள். பிரிட்டனில் 1980-களின் தொடக்கத்தில் வேரூன்றிய 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழக' இயக்கமும் அதே வழிதான்: ஆசிரியர் என்று தனியாக ஒருவர் இல்லை, உறுப்பினரில் தெரிந்தவர் மற்றவருக்குச் சொல்வார். ஜப்பானில் மசாகோ வாகாமியா என்ற அம்மா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில் கணினியைத் தொட்டவர். வீட்டில் தாயாரைக் கவனித்துக்கொண்டே கற்றுக்கொண்டு, மெலோ கிளப் என்ற மூத்தோர் மன்றத்தில் பங்கெடுத்து, 2017-இல் 81 வயதில் ஐபோனுக்கு ஒரு விளையாட்டுச் செயலியே எழுதி வெளியிட்டார். உங்கள் குடியிருப்பில் எல்லோரும் செயலி எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்த வயதில் ஏறாது என்று யாராவது சொன்னால் அவர் கதையைச் சொல்லுங்கள்.

உங்களிடையே ஆசிரியர்கள் ஏற்கெனவே இருப்பார்கள், கண்டுபிடிக்க வேண்டும். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர்கள் கட்டாயம் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். லோயர், ஹையர் தேர்வு எழுதி வாழ்நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சு செய்த கை. அவர்களிடம் கணினிக்கென்று வகுத்த தமிழ்99 விசைப்பலகையைக் கொடுத்துப் புதிதாகப் பழகச் சொன்னால் சோர்ந்துபோவார்கள். எ-கலப்பை மாதிரி மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுங்கள். யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தட்டச்சுப் பொறிக்கு வகுத்த வழியில் பழகிய விரல்கள் அப்படியே ஓடும். அன்றிலிருந்து சங்கத்தின் சுற்றறிக்கை எல்லாம் அவர் பொறுப்பு, மன்றத்துக்கு ஒரு தொண்டர் கிடைத்தார். தட்டச்சே தெரியாதவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சுதான். கூகுளில் தமிழுக்கு அது 2017-இலேயே வந்துவிட்டது. மைக் படத்தைத் தொட்டு, ஒவ்வொரு வாக்கியமாக நிதானமாகப் பேசச் சொல்லுங்கள். நம் மலையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படுகர் வீட்டுப் பெரியவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே பேசிவிடுவார்கள், போன் அதைத் தமிழென்று நினைத்துத் தாறுமாறாக எழுதும். போன் கெட்டுவிட்டது என்று கொண்டுவருவார்கள். அவர்களுக்கு எழுத்தே வேண்டாம், குரல் செய்தி அனுப்பக் காட்டிக்கொடுங்கள். அந்தக் குரலைப் பேரப்பிள்ளைகள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

இனி, மன்றத்தைக் குடியிருப்பில் நிலைநிறுத்தப்போகிற விஷயத்துக்கு வருகிறேன்: லைஃப் சர்டிபிகேட், அதாவது பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் கொடுக்கும் சான்று. இதை ஒரு வருடம் ஒழுங்காகச் செய்துகொடுத்தால் அப்புறம் மன்றத்துக்கு விளம்பரமே தேவையில்லை. ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றிதழ் 2014 நவம்பரில் வந்தது. ஆரம்பத்தில் கைரேகைக் கருவி வேண்டியிருந்தது. தேய்ந்த ரேகையும் குளிரில் சுருங்கிய தோலுமாகப் பலருக்கு அது படியாது. 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டினாலே போதும். ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்று இரண்டு செயலி வேண்டும். முதலில் போனை இயக்குபவர் தன் முகத்தைப் பதிய வேண்டும், பிறகு ஓய்வூதியர். ஒருவருடைய போனிலேயே பலருக்கும் செய்யலாம், எல்லோருக்கும் விலையுயர்ந்த போன் தேவையில்லை.

சிக்குவது வெளிச்சத்தில். மூடுபனி இறங்கிய நாளில் அறைக்குள் விளக்கு போட்டாலும் முகம் தெளியாது, செயலி திரும்பத் திரும்ப மறுக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள். முகம் ஜன்னலைப் பார்க்க வேண்டும், பின்னால் வெறும் சுவர். கண்ணாடியைக் கழற்றி, குரங்குக் குல்லாவையும் மப்ளரையும் எடுத்துவிட்டு, போனைக் கண் மட்டத்தில் பிடித்து, கேட்கும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். கண்புரை அறுவைசிகிச்சை முடிந்தவர்களுக்குச் சிமிட்டல் மெதுவாக இருக்கும். அவசரப்படுத்தாமல் மறுபடி எடுங்கள், விழும்.

அதைவிடப் பெரிய சிக்கல் விவரம் நிரப்புவதில். முகம் பதிந்து பிரமாண் எண் வந்துவிட்டதென்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். பென்ஷன் தரும் அமைப்பைத் தவறாகத் தேர்ந்திருந்தால் சான்றிதழ் நிராகரிக்கப்படும், ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பென்ஷன் நிற்கும்போதுதான் தெரியும். வெலிங்டன் பக்கம் முன்னாள் ராணுவத்தினர் நிறைய. அவர்களில் ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணைய முறைக்கு மாறியவர்கள் பழைய ஞாபகத்தில் வங்கியைத் தேர்ந்துவிடுவார்கள், ஸ்பர்ஷைத்தான் தேர வேண்டும். பிபிஓ எண் (பென்ஷன் உத்தரவு எண்), கணக்கு எண் இரண்டையும் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் படிக்க இன்னொருவர் அடியுங்கள். சில நாள் கழித்து அந்தச் சான்றிதழ் ஏற்கப்பட்டதா என்பதையும் சரிபார்த்துவிட்டுத்தான் நோட்டில் டிக் போட வேண்டும்.

காலமும் ஆளுக்கு ஆள் வேறு. மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே. தேயிலைத் தொழிற்சாலையிலோ தனியார் நிறுவனத்திலோ இருந்து பி.எஃப். பென்ஷன் வாங்குபவர்கள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியருக்குக் கருவூல நேர்காணல், அது ஓய்வு பெற்ற மாதத்தையொட்டி வரும். இந்த மூன்றையும் குழப்பி எல்லோரையும் நவம்பரில் வரிசையில் நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். வீடு வீடாகக் கேட்டு ஒரு காலண்டரில் குறித்து அறையில் மாட்டுங்கள். படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு நீங்களே போனை எடுத்துக்கொண்டு போங்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து சிறு கட்டணத்துக்குச் செய்துதரும் வசதியும் உண்டு, ஆள் பற்றாதபோது அதைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது மோசடி. இதை நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலையில் தனி வீட்டில், பிள்ளைகள் தூரத்தில், கையில் ஓய்வுக்காலப் பணம். ஏமாற்றுபவன் தேடுவது இந்த ஆளைத்தான். 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ அழைப்பில் போலீஸ் உடையில் வந்து, உங்கள் பெயரில் பார்சல் வந்திருக்கிறது, வழக்கு இருக்கிறது, போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று மணிக்கணக்கில் பிடித்துவைப்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரிக்க வேண்டிவந்தது. இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும் என்று வரும் குறுஞ்செய்தி, கல்யாணப் பத்திரிகை என்று வந்து, தொட்டால் போனில் செயலியை ஏற்றிவிடும் ஏபிகே கோப்பு, பணம் அனுப்புகிறேன் பின் நம்பரைப் போடுங்கள் என்பது, எல்லாம் ஒரே வகை. பணம் பெற யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. இதை மட்டும் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

படித்தவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்களுக்குப் போலீஸ் என்ற பேச்சே கையை நடுக்கும். பயத்தில் இருப்பவருக்கு அறிவுரை ஞாபகம் வராது, பழகிய ஒரு வாக்கியம் வரும். அதனால் ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "எங்கள் மன்றத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்." யார் எதைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஒருவர் அதிகாரியாகப் பேச, இன்னொருவர் இதைச் சொல்லி வைக்க, நாடகம் மாதிரி நடத்திப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை, வாயில் ஏறிவிடும். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணம் வழியிலேயே நிறுத்தப்பட வாய்ப்பு உண்டு. நாளைக் காலை மகனைக் கேட்டுவிட்டு என்று தள்ளினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஏமாந்தவரை யாரும் திட்டக்கூடாது, குடியிருப்பில் அதைப் பேச்சாக்கவும் கூடாது. வெட்கப்பட்டு மறைப்பதால்தான் இரண்டாவது தவணையும் போகிறது.

இதே காரணத்துக்காகத் தொண்டர்களுக்கும் கட்டுப்பாடு வேண்டும். ஓடிபி, பின், கடவுச்சொல் எதையும் கேட்கக்கூடாது, எழுதிவைக்கக்கூடாது, அவர் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வங்கி வேலை என்றால் மேசையில் இரண்டு தொண்டர்கள் இருக்க வேண்டும். பணம் மாற்றிக்கொடு என்று கேட்டால் மறுக்க வேண்டும், எவ்வளவு நெருங்கியவரானாலும். தொண்டர்கள் மேல் சந்தேகம் என்பதால் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு ஏதாவது தொகை குறைந்தால் நல்ல மனிதர் ஒருவர் மேல் பேச்சு வரக்கூடாது. கடவுச்சொற்களை நோட்டில் எழுதி பீரோவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். ஒரே கடவுச்சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவதைவிட அது நல்லது. போன் உறைக்குள் சீட்டாக வைப்பதுதான் கூடாது.

கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும் என்று கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் வங்கி, மின்கட்டணம், கேஸ், எல்லாம் ஒருவர் போனில். அவர் போய்விட்டால் மற்றவருக்குத் துக்கத்தோடு பூட்டிய போனும் மிஞ்சும். எந்தக் கணக்கு எந்த வங்கியில், வாரிசுதாரர் பெயர் பதிந்திருக்கிறதா, போன் எந்த எண்ணில் திறக்கும் என்பதை இருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூகுள் கணக்கில் 'இனாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்று ஒன்று 2013 முதல் இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு அசையாமல் கிடந்தால் நாம் சொன்ன ஆளுக்குத் தகவலும் படங்களும் போய்ச்சேரும். ஐபோனில் இதே மாதிரி ஆளைக் குறித்துவைக்க 'லெகசி காண்டாக்ட்' இருக்கிறது. இதைப் பேச ஆரம்பத்தில் தயங்குவார்கள். ஒரு ஜோடி செய்துவிட்டால் மற்றவர்கள் தாமாகவே கேட்டு வருவார்கள்.

கணினி பிற்பாடு தானாக வந்துசேரும். பிள்ளைகள் பழைய லேப்டாப்பைக் கொடுப்பார்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் உலாவி, கடிதம், படம், வீடியோ அழைப்பு எல்லாம் நடக்கும், இரண்டு கணினிக்கு மேல் தேவைப்படாது. நம் ஈரம்தான் எதிரி. பூட்டிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது ஓடவிட்டு அதன் சூட்டிலேயே உலரவிடுங்கள், பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் கட்டாயம். எந்த நிறுவனத்தின் சிக்னல் அறையின் எந்த மூலையில் கிடைக்கிறது என்று பார்த்துச் சுவரில் ஒட்டிவையுங்கள், ஓடிபி வராமல் தவிப்பது பாதி குறையும். சிக்னல் இல்லாத இடத்திலும் வைஃபை வழியாகப் பேச உதவும் வைஃபை காலிங் வசதியையும் எல்லோர் போனிலும் போட்டுவிடுங்கள். பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு அது பெரிய தைரியம்.

நேரம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை. மாலையில் வைக்காதீர்கள். வெளிச்சம் இறங்கினால் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை பாதைக்கு வந்துவிடும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. கைத்தடியோடு நடப்பவர்களை அந்த நேரத்தில் வெளியே வரவழைக்கக்கூடாது.

பணவிஷயம் சுருக்கமாக. தனியாகப் பதிவு, கணக்கு என்றெல்லாம் போகாமல் குடியிருப்போர் சங்கத்தின் கீழேயே ஒரு குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை, மின்சாரம் சங்கக் கணக்கில் போகட்டும். கட்டணம் வசூலிக்க வேண்டாம். ஒரு நோட்டு மட்டும் அவசியம்: தேதி, வீட்டு எண், கேள்வி, என்ன செய்தோம். ரகசியம் எதுவும் அதில் ஏறக்கூடாது. ஒரே கேள்வி அடிக்கடி வந்தால் அதற்கு ஒரு பக்கம், பெரிய எழுத்தில், படி ஒன்று படி இரண்டு என்று தமிழில் எழுதி அச்செடுத்துக் கொடுங்கள். நீங்கள் கேட்ட பாடத்திட்டம் அந்தப் பக்கங்கள் சேர்ந்து உருவாகும். தொண்டர் இருவரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், ஊருக்குப் போவார். அதனால் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவரை மூன்றாவது மாதத்திலேயே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். அவருக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தால் போதும், வீடியோ அழைப்போ, மின்கட்டணமோ. அந்தக் கேள்வி வந்தால் அவரிடம் அனுப்புங்கள்.

எப்போது தொடங்குவது என்றால், செப்டம்பர் முதல் வாரம். அக்டோபரில் 80 தாண்டியவர்களின் சான்றிதழ் வேலை வந்துவிடும், அதற்குள் உங்களுக்குக் கை பழகியிருக்க வேண்டும். தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மலை மறைப்பதால் கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபருக்குப் பிறகுதான். 2009 நவம்பரில் மண்சரிவு எப்படிப் பாதைகளை அறுத்தது என்று அங்கே பழையவர்களுக்குத் தெரியும். மழை பிடித்துவிட்டால் கரண்டும் நெட்டும் நம்பிக்கையில்லை. முதல் நாள் வருகிற ஒவ்வொருவர் போனிலும் எழுத்தைப் பெரிதாக்கி, அந்த டச் அண்ட் ஹோல்ட் நேரத்தைக் கூட்டி, 1930-ஐயும் பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் தொடர்புப் பட்டியலில் சேர்த்துக் கொடுங்கள். பென்ஷன் எந்த வகை என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அது போதும்.